கணனிப் பெட்டிக்குள் ஸ்பொன்ச் ஒட்டினால் சத்தம் குறையுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலைக் கணனி அறைக்காக நீங்கள் சேர்த்துத் தரும் காசைப் பற்றியது என்பதால் கடைசி வரை வாசியுங்கள்.

வட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரியும். எங்கள் கணனி அறையில் 18 கணனிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் அறையில் ஒரு இரைச்சல் எழும். பின் வரிசைப் பிள்ளைகளுக்கு நாங்கள் பேசுவது கேட்பதில்லை. இதற்கு ஒரு கடையில் வழி சொன்னார்கள். ஒரு பக்கம் தார் போன்ற கனமான படையும் மறு பக்கம் கறுப்பு ஸ்பொன்ச்சும் உள்ள சீட்டை ஒவ்வொரு சிபியூ பெட்டியின் உட்பக்கத்திலும் ஒட்டுவதாம். பெட்டிக்கு 3,500 ரூபா. 18 பெட்டிக்கும் 63,000 ரூபா. கட்டாரிலும் குவைத்திலும் இருக்கும் பழைய மாணவர்கள் தாங்களே அனுப்பி விடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய நல்ல மனதுக்கு நன்றி. ஆனாலும் கணனி அறையைப் பார்க்கும் ஆசிரியர்களாகிய நாங்கள் அந்தச் சீட் வேண்டாம் என்கிறோம். சத்தம் பரவாயில்லை என்பதால் அல்ல. அந்தக் காசால் சத்தம் குறையாது என்பதால்.

முதலில் இந்தப் பேச்சு ஏன் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஆண்டு 10 இல் ஒரு பிள்ளை. பெயர் வேண்டாம். மற்ற எல்லாப் பாடங்களிலும் நன்றாகச் செய்வாள். கணனி அறைக்கு வந்தால் மட்டும் ஒரு படி பின்னால் நிற்பாள். ஒரு வேலையைச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் திரையைப் பார்த்துத்தான் தொடங்குவாள். கவனமில்லை என்று நாங்களே இரண்டு தடவை ஏசியிருக்கிறோம். பெற்றோர் கூட்டத்தன்று அவளுடைய உம்மா வந்து, "சேர், இவளுக்கு இடது காது சின்னதுலருந்தே கொஞ்சம் மந்தம். வகுப்புல முன்னுக்கு இருக்கிறதால சமாளிக்கிறா" என்றார். கணனி அறையில் அவளை நாங்கள் பின் வரிசையில், மூன்று பெட்டிகளுக்கு நடுவில் இருத்தியிருந்தோம். ஏசியதை நினைத்து வெட்கப்பட்டோம். அடுத்த நாளே முன்னுக்கு மாற்றினோம். ஆனால் அந்த அறையில் முன்னுக்கும் இரைச்சல்தான்.

பிள்ளைகள் ஒரு சொல்லைத் தெளிவாகப் பிடிக்க ஆசிரியரின் குரல் சுற்றியுள்ள சத்தத்தை விட 15 டெசிபலாவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது இத்துறையில் பொதுவாக ஏற்றுக்கொண்ட கணக்கு. வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999 இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. மேலே மூன்று ஃபேன் சுற்றும், யன்னல் திறந்திருக்கும் எங்கள் அறையில் 35 என்பது கனவு. என்றாலும் காது நல்ல பிள்ளைக்கு இரைச்சல் வெறும் கரைச்சல். காது மந்தமான பிள்ளைக்கு அது அந்தப் பாடமே இல்லாமல் போவது. ஆகவே சத்தம் குறைய வேண்டும் என்பதில் எங்களுக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கடைக்காரத் தம்பி ஒரு பெட்டிக்கு மாதிரிச் சீட் இலவசமாகத் தந்தார். சும்மா வாதாடுவதை விட்டுச் சோதித்துப் பார்ப்போம் என்று ஒரே வகைக் கணனிகள் இரண்டை எடுத்தோம். மாலை நாலரைக்குப் பிறகு மேல் ஃபேன்களை நிறுத்தி, யன்னல்களைச் சாத்தி, தொலைபேசியில் டெசிபல் காட்டும் செயலியைப் போட்டுப் பெட்டியிலிருந்து ஒரு முழத் தூரத்தில் வைத்தோம். தொலைபேசி காட்டும் எண் துல்லியமானது அல்ல. ஆனால் ஒரே தொலைபேசி, ஒரே இடம், ஒரே அறை என்றால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடப் போதும்.

முதலாவது கணனி சீட் ஒட்டுமுன் 47 காட்டியது. ஒட்டிய பிறகு 46. ஒரு வீடியோவை ஓடவிட்டு அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் 49. உள்ளே சூடு ஏறி, ஃபேன் வேகமெடுத்துவிட்டது. இரண்டாவது கணனிக்குச் சீட் இல்லை. திறந்து, தூசி ஊதி, காய்ந்து கட்டியாகிப் போயிருந்த தேர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசினோம். 48 இல் இருந்தது 42க்கு வந்தது. பிறகு பயோஸில் போய் ஃபேன் வேகத்தை வெப்பத்துக்கு ஏற்ப மாறும்படி வைத்தோம். 38. அதே வீடியோவை அரை மணித்தியாலம் ஓட விட்டும் 40ஐத் தாண்டவில்லை. சீட் பக்கம் அநியாயம் செய்யக் கூடாது என்று முதலாவதையும் அதே மாதிரித் துப்புரவாக்கி, சீட்டோடு ஒரு தடவையும் சீட்டைக் கழற்றி ஒரு தடவையும் அளந்தோம். வித்தியாசம் ஒரு டெசிபல். ஒரு டெசிபல் வித்தியாசத்தை மனிதக் காது பிடிப்பதே கஷ்டம். 10 டெசிபல் குறைந்தால்தான் சத்தம் பாதியானது போலத் தோன்றும்.

ஏன் இப்படி என்பதைக் கொஞ்சம் விளக்குகிறோம். விஞ்ஞானம் படித்த தம்பி தங்கைகள் பிழை இருந்தால் திருத்துங்கள்.

சிபியூ பெட்டிக்கு மூச்சு விட ஓட்டைகள் வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் பவர் சப்ளை பக்கமும் ஓட்டைதான். ஒரு பெட்டியின் மேற்பரப்பில் பத்தில் ஒரு பங்கு திறந்திருக்கிறது என்று வையுங்கள். மிச்ச ஒன்பது பங்கையும் ஒரு துளிச் சத்தமும் கடக்காத சுவராக மாற்றினாலும், வெளியே வரும் சத்தத்தை 10 டெசிபலுக்கு மேல் குறைக்க முடியாது. அதுவும் குறையே இல்லாத சுவர் என்றால்தான். மெல்லிய தகரத்தில் ஒட்டிய சீட் அந்தச் சுவர் அல்ல. வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சுவருக்கு இன்னொரு வரிசை கல் வைத்துக் கட்டினால் தெருச் சத்தம் நிற்குமா? அதே கதைதான்.

இரண்டாவது, ஸ்பொன்ச்சின் தடிப்பு. சத்தம் ஒரு அலை. ஸ்பொன்ச் அதை நன்றாக விழுங்க வேண்டுமானால் அலைநீளத்தில் கிட்டத்தட்டக் கால் பங்குத் தடிப்பாவது இருக்க வேண்டும். ஏழு இதழ் உள்ள ஒரு ஃபேன் நிமிடத்துக்கு 1,200 தடவை சுற்றினால் செக்கனுக்கு 20 சுற்று, இதழ் ஏழு, ஆக 140 ஹேர்ட்ஸ். அதன் அலைநீளம் ஏறக்குறைய இரண்டரை மீற்றர். கால் பங்கு என்றால் 60 சென்றிமீற்றர். கணனிப் பெட்டியே அவ்வளவு நீளமில்லை! ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றுவது, அதாவது 120 ஹேர்ட்ஸ். அதற்கும் இதே கதி. ஒரு சென்றிமீற்றர் ஸ்பொன்ச் விழுங்குவது மேலே உள்ள கீச்சுச் சத்தத்தில் ஒரு பகுதியைத்தான். 'ம்ம்ம்' என்று நாள் முழுக்க மண்டைக்குள் ஏறும் அந்த உறுமல் அப்படியே இருக்கும்.

மூன்றாவது சூடு. இதை எங்கள் ஊரில் யாருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை. மீனுக்கு ஐஸ் போட்டு ஏன் ரெஜிபோம் பெட்டியில் அனுப்புகிறோம்? வெளிச் சூடு உள்ளே போகக் கூடாது என்று. ஸ்பொன்ச்சும் அதே வேலையைத்தான் செய்யும், திசைதான் மாறும். உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாது. தகரம் வழியாகக் கொஞ்சம் கசிந்துகொண்டிருந்த சூடும் அடைபட, காற்றோடும் இடமும் குறுக, ஃபேன் இன்னும் வேகமாக ஓடும். சத்தத்தைக் குறைக்கக் காசு கொடுத்து ஃபேனை ஓட விடுகிறோம். அப்பிள் கொம்பனி 1980 இல் அப்பிள் 3 என்ற கணனியை ஃபேனே வைக்காமல் வெளியிட்டது. சத்தமே இல்லாத கணனி வேண்டும் என்ற ஸ்டீவ் ஜொப்ஸின் பிடிவாதம் அது. சூட்டுப் பிரச்சினையால் அந்தக் கணனியின் பெயரே கெட்டது. சூட்டுக்கு வழி சொல்லாமல் சத்தத்தை மட்டும் அடக்கப் போனால் இப்படித்தான்.

சோதித்த மறுநாள் இதையெல்லாம் ஒரு பெற்றோரிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். போட் வைத்திருக்கும் நாநா. முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "சேர், என்ஜினுக்கு மேல சாக்கப் போட்டு மூடினா சத்தம் கொறையுமா? த்ரொட்டிலக் கொறச்சாத் தானே கொறையும்" என்றார். நாங்கள் மேலே ஐந்து பந்தியில் எழுதியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

த்ரொட்டில் கணக்கு உண்மையில் ஆச்சரியமானது. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். ஆனால் சத்தம் 15 டெசிபல் அளவுக்கு விழுந்துவிடும். அதனால்தான் சின்ன ஃபேன் ஒன்று வேகமாகச் சுற்றுவதை விடப் பெரிய ஃபேன் ஒன்று மெதுவாகச் சுற்றுவது நல்லது. காற்று அதே அளவு, சத்தம் எவ்வளவோ குறைவு.

"அப்படியென்றால் பெரிய கொம்பனிகள் சீட் ஒட்டிய பெட்டிகளை ஏன் விற்கின்றன?" என்று ஒரு பழைய மாணவர் குழுவில் கேட்டார். நியாயமான கேள்வி. சுவீடனின் ஃப்ரக்டல் டிசைன், ஜேர்மனியின் பீ குவைட் போன்றவை அப்படிப்பட்ட பெட்டிகளைச் செய்கின்றன. அவை மோசடி இல்லை. ஆனால் அந்தப் பெட்டிகளில் முதலில் பெரிய, மெதுவான ஃபேன்கள் இருக்கும். ஹார்ட் டிஸ்க் ரப்பரில் உட்கார்ந்திருக்கும். முன் பக்கம் மூடிய கதவு, காற்று பக்கவாட்டால் வளைந்து வரும். தகரமும் தடிப்பு. இதெல்லாம் செய்து முடித்த பிறகு மிச்சமிருக்கும் கொஞ்சத்துக்குத்தான் சீட். அங்கே அது இரண்டு மூன்று டெசிபல் உதவலாம். கனமான தார்ப் படைக்கு இன்னொரு வேலையும் உண்டு. மெல்லிய தகரம் அதிர்ந்து 'கிர்ர்' என்று பாடினால் அந்த அதிர்வை அது அமுக்கும். கார்க் கதவுக்குள் ஒட்டுவதும் இதற்குத்தான். உங்கள் வீட்டுக் கணனிக்கு அது தேவையா என்று பார்க்கக் காசு செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. கணனி ஓடும்போது பக்கத் தகரத்தில் உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால் தகரம்தான் அதிர்கிறது. குறையாவிட்டால் சீட் எதற்கும் உதவாது. குறைந்தாலும் முதலில் ஆணிகளை இறுக்குங்கள், பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டை வெட்டித் தகரத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் வையுங்கள். பெட்டிக்குக் கீழே தேய்ந்த ரப்பர் செருப்பில் நாலு துண்டு. எங்கள் அறையில் இரண்டு கணனிகளின் சத்தத்தில் பெரும் பகுதி மேசைப் பலகையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

ஒரு எச்சரிக்கை. சீட்டுக்குப் பதில் மெத்தை ஸ்பொன்ச்சையோ ரெஜிபோமையோ வெட்டி ஒட்டும் வேலையை யாரும் செய்ய வேண்டாம். பிள்ளைகள் யூடியூப் பார்த்துவிட்டுச் செய்வார்கள் என்பதால் சொல்கிறோம். மெத்தை ஸ்பொன்ச் இலகுவில் தீப்பிடிக்கும், அதன் புகை நஞ்சு. ரெஜிபோம் சத்தத்தை உறிஞ்சுவதே இல்லை. முட்டைத் தட்டும் அப்படித்தான், அதன் பெயர் மட்டும்தான் பெரிது.

இனி எங்கள் கரையோரக் கதைக்கு வருவோம். கொழும்பில் ஒரு கணனி இரண்டு வருடம் தாங்கினால் கற்பிட்டிப் பக்கம் அதில் பாதி என்று திருத்துபவர்கள் பகிடியாகச் சொல்வார்கள். பகிடியில் உண்மை இருக்கிறது. மாம்புரியில் காற்றாலை நட்டதும், கண்டக்குளிக் கடலில் வெள்ளைக்காரர் பட்டம் கட்டிச் சறுக்குவதும் எந்தக் காற்றுக்காகவோ, அந்தக் காற்றுத்தான் மே மாதம் முதல் எங்கள் யன்னல் வழியாக உப்பையும் பொடி மணலையும் கொண்டுவந்து கொட்டுகிறது. மணலும் தூசியும் ஹீட்சிங்க்கின் தகட்டு இடுக்குகளை அடைக்கும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்து அரிக்கும். சூட்டில் ஃபேன் பெயாரிங்கின் எண்ணெய் காயும். அப்புறம்தான் அந்த 'கர கர'. அப்படி ஒரு ஃபேன் கரகரக்கும்போது அதைச் சுற்றி ஸ்பொன்ச் ஒட்டுவது, பல் வலிக்குப் பஞ்சைக் காதில் வைப்பது போல.

இன்னொன்றையும் கண்டுபிடித்தோம், இது எங்களுக்கே புதிது. ஒரு பின்னேரம் 18 கணனிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். எல்லாம் ஒரே மாதிரிச் சத்தம் போடவில்லை. ஆறு கணனிகள்தான் கத்தின. மற்றவை ஏறக்குறைய அமைதி. டெசிபல் சாதாரணக் கூட்டல் மாதிரிக் கூடுவதில்லை. ஒரே அளவு சத்தம் போடும் இரண்டு கணனி சேர்ந்தால் 3 டெசிபல்தான் கூடும், பத்துச் சேர்ந்தால் 10. ஆனால் ஒன்று மற்றதை விட 10 டெசிபல் கூடக் கத்தினால் அது தனியாகவே பத்துக் கணனிக்குச் சமம். ஆகவே 18 பெட்டிக்கும் சமமாக 3,500 ரூபா செலவழிப்பதே பிழையான கணக்கு. அமைதியாக இருக்கும் பன்னிரண்டுக்கு ஒரு சதமும் தேவையில்லை. ஊதித் துடைத்தால் போதும்.

நாங்கள் கேட்பது இவைதான். அந்த ஆறுக்கும் புது ஃபேன், எல்லாவற்றுக்கும் தேர்மல் பேஸ்ட்: விலை கேட்டோம், 14,000 ரூபாவுக்குள் முடியும். ஹார்ட் டிஸ்க் கடகடக்கும் நான்கு கணனிக்கு எஸ்.எஸ்.டி: 28,000 அளவில். அதில் சுற்றும் பாகமே இல்லை, சத்தமும் இல்லை, கணனியும் வேகமாகும். இதுவரை 42,000. மிச்சம் 21,000ஐப் பெட்டிக்கு அல்ல, அறைக்குச் செலவழிக்க வேண்டும் என்கிறோம்.

அறைக்கு என்றதும் சிலர் சிரிப்பீர்கள். ஆனால் எங்கள் அறையில் நின்று ஒருமுறை கையைத் தட்டிப் பாருங்கள். சீமெந்துத் தரை, பூசிய சுவர், மேலே அஸ்பெஸ்டஸ். சத்தம் போய் முட்ட மென்மையாக ஒன்றுமே இல்லை. அது சுவருக்குச் சுவர் பாய்ந்து, நாங்கள் சொல்லும் அடுத்த சொல்லின் மேலேயே வந்து விழுகிறது. கணனிகளை நிறுத்தினாலும் அந்தக் குழப்பம் இருக்கும். தடித்த துணித் திரைகள் மடிப்பு மடிப்பாகத் தொங்கினால் உதவும். பின் சுவருக்குத் தும்பு. தென்னை முக்கோணத்தில் இருந்துகொண்டு கறுப்பு ஸ்பொன்ச் வாங்குவது எங்களுக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. இரண்டு அங்குலத் தடிப்பில் அழுத்திய தும்புப் பலகை, சுவரிலிருந்து கொஞ்சம் இடைவெளி விட்டு மரச் சட்டத்தில் அடித்தால் பேச்சுச் சத்தத்தின் எதிரொலியை நன்றாக உறிஞ்சும். பெட்டிக்குள் ஒரு சென்றிமீற்றர் ஸ்பொன்ச்சுக்கு இல்லாத தடிப்பும் இடமும் சுவரில் இருக்கிறது. தும்பும் தீப்பிடிக்கும் என்பது தெரியும். பிளக் பொயின்ற்றுகளுக்குக் கிட்ட வைக்க மாட்டோம், கணனிக்குள் வைக்கவே மாட்டோம்.

கடைக்காரத் தம்பியைக் குறை சொல்லும் பதிவு அல்ல இது. அவர் எங்களிடம் படித்த பிள்ளைதான். நாங்கள் அளந்ததைக் காட்டியதும் அவரே, "சேர், ஃபேன் நானே கொழும்பிலருந்து எடுத்துத் தாறன்" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்பீர்கள். இப்போது முன் வரிசையில், வலது காது எங்கள் பக்கம் வரும்படி இருத்தியிருக்கிறோம். அவளுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு கணனிகளைத்தான் முதலில் துப்புரவாக்கினோம். சென்ற கிழமை ஸ்ப்ரெட்ஷீட் பாடத்தில் யாருடைய திரையையும் பார்க்காமல் தொடங்கினாள். பாதியில் கையைத் தூக்கி, நாங்கள் கரும்பலகையில் எழுதியிருந்த சூத்திரத்தில் அடைப்புக்குறி ஒன்று விடுபட்டிருப்பதாகச் சொன்னாள். விடுபட்டுத்தான் இருந்தது.

வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம். இந்தக் காசை எதற்குச் செலவழிப்பது என்று அங்கேதான் முடிவு. சீட்தான் வேண்டும் என்று நினைப்பவர்களும் வாருங்கள், இரண்டு கணனிகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுக் காட்டுகிறோம். காதால் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மிச்சமுள்ள கணனிகளைத் துப்புரவாக்கப் போகிறோம். வீட்டில் புளோவர் இருப்பவர்கள் கொண்டுவாருங்கள். ஊதும்போது ஃபேன் இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுற்ற விடக் கூடாது. பவர் சப்ளையை வெளியிலிருந்து ஊதுவதோடு சரி. கரண்டைக் கழற்றினாலும் அதற்குள் மின் தேங்கி நிற்கும், யாரும் திறக்க வேண்டாம். முகக்கவசம் போட்டு வாருங்கள், மூன்று வருடத் தூசி. தேநீர் எங்கள் செலவு.